ஐந்தாம் மாதத்தில் ஐரோப்பா, ஆடி மாதத்தில் மகள்

2023 நவம்பர் முதல் வாரத்தில், விமானக் கட்டணம் சற்றே குறைந்திருந்த ஓர் இரவில், நானும் என் கணவரும் 2024 ஏப்ரல் 24 அன்று சென்னையிலிருந்து பாரிஸ் செல்லவும் மே 5 அன்று வெனிஸிலிருந்து திரும்பவும் பயணச்சீட்டு எடுத்தோம். திருமணமாகி நான்கு ஆண்டுகளாகத் தள்ளிக்கொண்டே போன பயணம் அது. ரத்து செய்தால் பணம் திரும்ப வராத வகைச் சீட்டு என்பதைத் தெரிந்தேதான் வாங்கினோம். டிசம்பர் கடைசி வாரத்தில் நான் கருவுற்றிருப்பது உறுதியானது. நாள்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தபோது, விமானம் ஏறும் நாளில் எனக்கு 21 வாரம் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருக்கும் என்றும், பிரசவத் தேதி ஆகஸ்ட் 31 என்றும் கணக்கு வந்தது.

போவதா வேண்டாமா என்ற கேள்வி இரு வீடுகளிலும் ஒரு மாதம் ஓடியது. என் அம்மா வேண்டாம் என்றார். மாமியார், ஆச்சரியமாக, "டாக்டர் சரின்னு சொன்னா போய்ட்டு வாம்மா, அப்புறம் எங்க போகப்போறே?" என்றார். ஆகவே முடிவு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. 14 முதல் 28 வாரம் வரையிலான காலம் பயணத்துக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது என்று சொன்ன அவர், அதோடு நிறுத்தாமல் சில நிபந்தனைகளையும் வைத்தார். 19-ஆவது வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனில் குறை ஏதும் இருக்கக்கூடாது, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தபடி கீழே இருக்கக்கூடாது, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபின் அளவும் சரியாக இருக்க வேண்டும், இவற்றில் ஒன்று தவறினாலும் சீட்டுப் பணத்தை மறந்துவிட வேண்டும் என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. பணம் போய்விடுமே என்ற பதற்றத்தில் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் நிலை அதன்பின் எங்களுக்கு வரவில்லை.

என் கணவரின் திட்டமிடும் திறமையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தக் கதையின் பின்பாதி அதைச் சுற்றித்தான் நடக்கிறது. பன்னிரண்டு நாள் பயணத்துக்கு அவர் தயாரித்த எக்செல் கோப்பில் ஒன்பது தாள்கள் இருந்தன. எந்த ரயிலில் எந்தப் பெட்டி, தங்குமிடத்திலிருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிடம், மழை பெய்தால் மாற்று என்ன என்பதெல்லாம் வண்ணம் பிரித்து எழுதப்பட்டிருந்தது. குழந்தைக்கென்று ஒரு தாள்கூட இல்லை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

விசா வேலையில் இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம் கேட்க வேண்டும். எங்களுக்குப் பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் நான்கு இரவுகள் என்று சமமாக வந்ததால் பிரான்ஸிடம் விண்ணப்பித்தோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அப்போது கட்டணம் ஆளுக்கு 80 யூரோ, அந்த ஆண்டு ஜூன் முதல் அது 90 ஆனது. இரண்டாவது பாடம் காப்பீடு. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், விலை குறைவான ஒன்றை வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்தோம். பிறகு மருத்துவர் கேட்டபோதுதான் அதன் விலக்குகள் பக்கத்தைப் படித்தேன். கர்ப்பம் சார்ந்த சிகிச்சை எதையும் அந்தக் காப்பீடு ஏற்காது என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். கால் முறிந்தால் பணம் கிடைக்கும், நான் எதற்காகப் பயந்தேனோ அதற்குக் கிடைக்காது. கர்ப்பிணியாகப் பயணிப்பவர்கள் பாலிசியின் முதல் பக்கத்தைவிட அந்தப் பக்கத்தை முதலில் படிப்பது நல்லது. நாங்கள் ஷாப்பிங்குக்கு என்று வைத்திருந்த தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மூன்று லட்சம் ரூபாயை அவசரத்துக்கென ஒதுக்கினோம். ஒவ்வொரு ஊரிலும் தங்குமிடத்துக்கு அருகில் பிரசவப் பிரிவு உள்ள மருத்துவமனை எது என்பதையும் குறித்துக்கொண்டோம். 112 என்ற அவசர எண் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய மூன்று நாடுகளிலும் வேலை செய்யும் என்பதை இருவரும் மனப்பாடம் செய்தோம்.

அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பையில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக்கூடாது என்பதால் நெய்யையும் பால்கோவாவையும் எடுத்து வெளியே வைக்க நேர்ந்தது. அதற்கு அம்மா அடைந்த வருத்தம், நான் ஐந்து மாத வயிற்றோடு விமானம் ஏறியதற்கு அடைந்த வருத்தத்துக்குக் குறைந்ததல்ல.

விமானத்தில் நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தேன். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து கர்ப்ப காலத்தில் கூடுதல் என்பதால், முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறையை அணிந்து, விழித்திருந்தபோதெல்லாம் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். இருக்கைப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பையொட்டிப் போட வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லியிருந்தார். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகுதான் மருத்துவச் சான்று கேட்கின்றன. இருந்தாலும் சென்னையில் சீட்டுப் பரிசோதித்தவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எத்தனை வாரம் என்று கேட்டார். வாரக்கணக்கும் பிரசவத் தேதியும் எழுதிய மருத்துவரின் கடிதம் கையில் இருந்ததால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்தது.

பாரிஸில் முதல் நாளே நாங்கள் தவறு செய்தோம். எக்செல் கோப்பின்படி வந்த மறுநாள் காலை லூவ்ர் அருங்காட்சியகம், மதியம் நதிக்கரை, மாலை ஐஃபெல் கோபுரம். பாரிஸின் மெட்ரோ மிகப் பழையது என்பதால், 14-ஆம் வழித்தடத்தைத் தவிர மற்றவற்றில் மின்தூக்கி உள்ள நிலையங்கள் சொற்பம். வழித்தடம் மாறுவதற்கே சில இடங்களில் ஒரு தெருவளவு நடந்து, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். லூவ்ரில் நான்கு மணி நேரம் நின்றேன். கழிவறை தேட வேண்டியிருக்குமே என்ற பயத்தில் தண்ணீரையும் குறைவாகவே குடித்தேன். மாலை ஐந்து மணிக்கு, நதிக்கரையில், வயிறு முழுவதும் கல்லைப் போல் இறுகியது. வலி இல்லை. இரண்டு நிமிடத்தில் தளர்ந்தது, பிறகு மறுபடி இறுகியது. என் கணவரின் முகத்தில் அன்று கண்ட வெளிறலை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

சென்னையில் அப்போது இரவு எட்டரை. மருத்துவர் வாட்ஸ்அப் அழைப்பை எடுத்தார். அறைக்குப் போய் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, இடப்பக்கமாக ஒரு மணி நேரம் படுத்து, எத்தனை முறை இறுகுகிறது என்று எண்ணச் சொன்னார். ரத்தக்கசிவோ, நீர் கசிவோ, ஒழுங்கான இடைவெளியில் வரும் இறுக்கமோ இருந்தால் தன்னைக் கேட்காமலேயே மருத்துவமனைக்குப் போகுமாறும் சொன்னார். டாக்ஸியில் அறைக்குத் திரும்பினோம். முதல் அரை மணியில் மூன்று முறை, அடுத்த அரை மணியில் ஒருமுறை, பிறகு ஒன்றுமில்லை. நீர்ச்சத்து குறைந்தாலும் அதிகம் நின்றாலும் வரும் பொய்யான இறுக்கம் அது. பாரிஸின் தெருக்களில் இலவசப் பொதுக் கழிவறைகள் ஏராளமாக உள்ளன என்பதை அன்றிரவுதான் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்க மாட்டேன்.

அன்றிரவு கோப்பிலிருந்து பாதி வரிகள் நீங்கின. மெட்ரோவை விட்டுவிட்டுப் பேருந்துக்கு மாறினோம். லூவ்ர், பஸ்தீல், ஐஃபெல் கோபுரத்துப் பூங்கா எல்லாவற்றையும் இணைக்கும் 69-ஆம் எண் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து ஊரின் பாதியைப் பார்த்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கென ஒதுக்கிய இருக்கையில் உட்காரத் தயங்கி நின்ற என்னை, ஒரு பள்ளி மாணவன் எழுந்து சைகை காட்டி உட்கார வைத்தான். கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் நாமே போய்க் கேட்க வேண்டும். வரிசையில் அமைதியாக நிற்பதுதான் மரியாதை என்று வளர்ந்த எனக்கு அது கைவர மூன்று நாளானது.

மறுநாள் வெறுமனே லா ஷப்பேல் பகுதிக்குப் போனோம். கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்புறம் உள்ள அந்தத் தெருக்களில், ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் கட்டியெழுப்பிய கடைகளில், முருங்கைக்காயும் வெற்றிலையும் பொற்கொல்லர் கடையும் தமிழ்ப் பெயர்ப்பலகையும் பார்க்கலாம். சிறிய உணவகம் ஒன்றில் இடியப்பமும் சொதியும் கேட்டேன். பரிமாறிய அம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எத்தினை மாசம் பிள்ளை?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "வடிவாச் சாப்பிடுங்கோ, இன்னும் ரெண்டு வைக்கிறன்" என்று சொல்லிக் கேட்காமலேயே வைத்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை. மூன்று நாட்களாக ரொட்டியைப் பார்த்துப் பார்த்துக் குமட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொதி செய்த நன்மையை எந்த மாத்திரையும் செய்திருக்காது.

உணவைப் பொறுத்தவரை நான் சைவம் என்பதால் பாதிக் கவலை குறைந்தது, ஆனால் முழுதும் இல்லை. பச்சைப் பாலில் செய்யும் மென்மையான பாலாடைக்கட்டிகளில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. நார்மண்டியின் புகழ்பெற்ற கமெம்பேர் அந்த வகைதான். உறையில் 'லே க்ரூ' என்றிருந்தால் பச்சைப் பால் என்று பொருள். சரியாகக் கழுவாத கீரை, காய்களிலிருந்து டோக்ஸோபிளாஸ்மா என்ற தொற்று வரலாம். அதற்கு எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிகளுக்குப் பிரான்ஸில் மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள் என்றால், அதை அவர்கள் எவ்வளவு பொருட்படுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். ஆகவே வெளியில் பச்சைக் காய்களைத் தவிர்த்தேன். பச்சை முட்டை சேரும் என்பதால் இத்தாலியில் திராமிசு என்ற இனிப்பையும் தொடவில்லை. என் கணவர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 28 அன்று பாரிஸிலிருந்து பாசெல் வழியாக இண்டர்லாகன் சென்று, அங்கிருந்து லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் சமையலறையுடன் கூடிய ஒரு வீட்டில் நான்கு இரவுகள் தங்கினோம். சுவிட்சர்லாந்தில் வெளியே சாப்பிடும் செலவைப் பார்த்தால், சமையலறை உள்ள வீடு பணத்தையும் மிச்சப்படுத்தும், தயிர்ச்சாதத்தையும் தரும். இங்கே எங்களுக்கு ஒரு பெரிய பஞ்சாயத்து இருந்தது. யுங்ஃப்ராயோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரத்துக்குப் பழகாத கர்ப்பிணிகள் 2,500 மீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என் கணவருக்கோ அது பள்ளிக்கூட நாட்களிலிருந்து இருந்த கனவு. "நீ வராம எனக்கு எதுக்கு?" என்று இரண்டு நாள் சொன்னவரை, மூன்றாம் நாள் காலை நானே கிளப்பி அனுப்பினேன்.

அவர் பனியில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் நான் ஷ்டவுப்பாக் அருவிக்கு எதிரே ஒரு மரப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த அருவி, கீழே வருவதற்குள் பாதி நீர்த்தூளாகிக் காற்றில் போய்விடுகிறது. பனி உருகும் காலமானதால் அன்று நல்ல நீர்வரத்து. பக்கத்தில் வந்து உட்கார்ந்த உள்ளூர் மூதாட்டி, தெரிந்த ஆங்கிலத்தில், ஆணா பெண்ணா என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆச்சரியத்துக்காகக் கேட்காமல் வைத்திருக்கிறீர்களா என்றார். எங்கள் நாட்டில் அதைச் சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994-இலிருந்து இருக்கிறது என்று விளக்கினேன். ஏன் அப்படி ஒரு சட்டம் என்று அவர் கேட்டார். அந்த அருவியின் முன்னால் அதற்குப் பதில் சொல்வது எளிதாக இல்லை. சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்து போனார். மாலையில் என் கணவர் தலைவலியோடு திரும்பினார். மெல்லிய காற்று அவரையும் விட்டுவைக்கவில்லை.

வெனிஸ் நகரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு, பெரும்பாலானவற்றுக்குப் படிகள்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு அவற்றில் ஏறி இறங்க முடியாது என்பதால், நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் ரயில் நிலையத்தருகே தங்கி, பத்து நிமிட ரயிலில் போய் வந்தோம். பகலில் வந்து போகும் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் அந்த ஏப்ரல் 25 அன்றுதான் அமலுக்கு வந்திருந்தது. மெஸ்த்ரேயில் தங்குவோருக்கு அது இல்லை, ஆனால் விலக்கை இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. நடப்பதை விட்டுவிட்டு, பெரிய கால்வாயின் முழு நீளமும் செல்லும் 1-ஆம் எண் படகில் ஏறி உட்கார்ந்தோம். அந்தப் படகில்தான் குழந்தையின் அசைவு முதன்முதலாக வெளியிலிருந்து தொடுபவருக்கும் தெரிந்தது. என் கணவர் வயிற்றில் கை வைத்துவிட்டு, "இது பிள்ளையா, படகோட இன்ஜினா?" என்றார். ரியால்ட்டோ நிறுத்தத்தில் படகு நின்றபோது மறுபடி ஒரு உதை விழுந்தது. சந்தேகம் தீர்ந்தது.

மே 6 அன்று ஊர் திரும்பினோம். ஆடி பிறக்கும் முன், ஆனியிலேயே வளைகாப்பை முடித்து, தலைப்பிரசவம் என்பதால் அம்மா என்னைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். மகப்பேறு விடுப்பாகச் சட்டம் தரும் 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம் என்பதால் நான் ஜூலையிலேயே விடுப்பில் சென்றேன். என் கணவரின் நிலை வேறு. தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் தந்தைக்கு விடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அவருடைய நிறுவனம் தானாகத் தந்தது ஐந்து நாள். சொந்த விடுப்பில் எட்டு நாளை ஐரோப்பாவில் செலவழித்திருந்தார். மிச்சமிருந்த நாட்களைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஆகஸ்ட் 24 இரவு ரயிலுக்குச் சீட்டு எடுத்து வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 12 இரவு பத்தரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. 37 வாரம் முடிந்து இரண்டே நாள். செய்தி கேட்ட கணவர் சென்னையிலிருந்து காரில் கிளம்பினார். ஏறக்குறைய 330 கிலோமீட்டர். அவர் விழுப்புரம் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, அதிகாலை மூன்றே முக்கால் மணிக்கு எங்கள் மகள் பிறந்துவிட்டாள். எடை 2.6 கிலோ. மருத்துவமனைப் பையில் என் துணிகள் இருந்தன, குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அதை அவர் வரும்போது வாங்கி வருவதாக இருந்தது. என் அண்ணி பீரோவிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த பழைய பருத்திப் புடவைத் துண்டில்தான் அவளைச் சுற்றினார்கள். ரயில் பெட்டி எண் வரை எழுதி வைத்தவர் பிரசவத்துக்கு ஒரு மாற்றுத் திட்டமும் வைத்திருக்கவில்லை என்று அவரே சொல்லி நொந்துகொண்டார். நானும் வைத்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. தேதியைக் குறித்துக் கொடுத்தால் குழந்தை அன்றைக்குத்தான் வரும் என்று இருவருமே நம்பியிருந்தோம். குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. 37 முதல் 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, 36-ஆவது வாரத்துக்குள் பை, வண்டி, உடனிருப்பவர் ஆகிய மூன்றையும் உறுதி செய்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை தெரிந்து, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். 37 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு அது சற்று அதிகமாகவே வருமாம். பாலூட்டுவதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை என்பது தாளில் படிக்கும்போது ஒரு எண், இரவு மூன்று மணிக்கு அது வேறு. சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோடு வந்த பெரியம்மாவை, செவிலியர் ஒருவர் சிரித்துக்கொண்டே வாசலோடு திருப்பி அனுப்பினார். நானாக இருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

நாங்கள் சரியாகச் செய்திருந்த ஒரே காரியம், அதுவும் மருத்துவரின் வற்புறுத்தலால் நடந்தது, பிக்மி என்ற, கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் இணையப் பதிவு. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் பெற, அந்தப் பதிவில் தாய்க்குத் தரப்படும் ஆர்சிஎச் எண் என்ற பன்னிரண்டு இலக்க அடையாள எண் வேண்டும். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. சென்னையில் பன்னிரண்டாவது வாரத்தில் வாங்கிய எண் திருச்சியிலும் செல்லுபடியானது. பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பெயரில் இரு வீட்டாருக்கும் உடன்பாடு ஏற்படாததால், சான்றிதழில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, மூன்றாவது மாதத்தில்தான் சேர்த்தோம். அந்த வேலைக்கு நானும் அம்மாவும்தான் அலுவலகம் போனோம். என் கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். எடுப்பதற்கு அவரிடம் விடுப்பு எதுவும் மிச்சமில்லை.